சந்தோஷமான இடம் பார்த்த உபதேசியார்

தருமபுரி ஜில்லாவில் எங்கள் உபதேசியாரைப் போலச் சாவுக்கு மரியாதை கொடுத்தவர் எமன் உட்பட ஒருவரும் கிடையாது. எமனாவது உயிர் போகிற நேரத்துக்குத்தான் வருவான். இவர் ஆறு மாதம் முன்னாலேயே வந்து, ஆளை ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்கப்பட்டவருக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டுவிடும்.

உபதேசியார் என்றால் கிறிஸ்தவக் கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி உள்ளவர். சிறுவர்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அவர் வேலை. எங்கள் உபதேசியார் முதல் நாலையும் கடமைக்காகச் செய்தார். ஐந்தாவதைத்தான் மனசு வைத்துச் செய்தார். அவருக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பேர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் தெரியாது. மனைவி செத்து இருபது வருஷம், பிள்ளை கிடையாது, கோயிலை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருப்பு. வேலையோடு ஒட்டிக்கொண்ட அறை அது. வேலை போனால் அறையும் போகும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வது அவர்தான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கடப்பாரையால் ஓர் அடி ஆழம் குத்துவார். மண்ணை அள்ளி முகர்வார், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, அது இறங்குகிறவரை ஓர் 'அருள் நிறை மரியே' சொல்லிக்கொண்டு காத்திருப்பார். எல்லாம் சரி என்றால் துண்டை விரித்து, கை இரண்டையும் மார்பில் கட்டி, அங்கேயே மல்லாந்து படுத்துவிடுவார். தலைமாடு எந்தப் பக்கம் உயரம் என்பது படுத்தால்தான் தெரியுமாம். கல்லறைத் தோட்டம் ரோட்டோரத்தில் இருந்ததால் தருமபுரி பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அய்யோ, பொதைக்க மறந்துட்டாங்க!" என்று அலறியதாக ஒரு கதை உண்டு.

சூசை என்று ஒரு கிழவர் படுத்த படுக்கையாகி, சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போன பிறகு, மகன் மேல் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கிறார். எதிரே கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு யாருக்குடா எடம் பாக்கறான்?"

மகன் ஜன்னல் கதவைச் சாத்தக் கையை நீட்டினான். கிழவருக்கு வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்து கேழ்வரகுக் களி கேட்டார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். உபதேசியாருக்குத் தீராத வருத்தம். "அவ்வளவு நல்ல எடம்ங்க. சும்மா கெடக்குது" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் குடும்பங்கள் கூடிக் கொண்டாடப் போவதற்கு இடம் பார்க்கச் சொன்னது யார் புத்தி என்று கேட்பீர்கள். அது எங்கள் புதுச் சாமியாரின் புத்தி. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். சின்ன வயது, சிரித்த முகம். அறுப்பு முடிந்த தை மாதத்தில் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போய், வெட்டவெளியில் டேரா போட்டு, இரண்டு நாள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து செபம் செய்து வரவேண்டும் என்றார். அவர் அதைக் 'கேம்ப்' என்று சொன்னார். எங்கள் ஊரில் அதுவரை கேம்ப் என்றால் அம்மை குத்துகிறவர்கள் வருவது என்று அர்த்தம். பாதிப் பேர் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள்.

"இந்தப் பக்கத்து நிலமெல்லாம் தெரிந்த ஆள் யார்?" என்று சாமியார் கேட்டபோது, கோயிலில் இருந்த அத்தனை பேரும் உபதேசியார் பக்கம் கை காட்டினார்கள். நிலம் தெரிந்தவர்தான். எதற்காகத் தெரிந்துகொண்டார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் வருஷம் அவர் பார்த்துக் கொடுத்த இடம் ஒரு கரட்டு மேடு. மரம் கிடையாது, மரம் இருந்தால் கிளை முறிந்து விழும். தண்ணீர் கிடையாது; தண்ணீர் இருந்தால் பிள்ளைகள் விழும். புல் கிடையாது, புல் இருந்தால் பாம்பு. ஆக மொத்தம் வெயிலைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. தார்ப்பாய்க்கு அடியில் பதினோரு குடும்பம் வெந்துகொண்டிருந்தபோது, உபதேசியார் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, வழியில் வண்டி குடை சாய்ந்திருந்தால் யார் யார் எப்படிச் செத்திருப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, செத்தும் பாவம் தீராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாக்களுக்காக ஒரு செபமாலை. பிள்ளைகள் அழுத அழுகையில் மறுநாள் வரை இருக்காமல் அன்று சாயங்காலமே வண்டியைத் திருப்பினோம்.

அடுத்த வருஷம் தை பிறப்பதற்குள் பெண்கள் சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். சாமியார் உபதேசியாரைக் கூப்பிட்டு, கோபப்படாமல், தெளிவாகச் சொன்னார். உங்கள் வேலைக்குப் பயிற்சி முடித்த இளைஞன் ஒருவன் இருக்கிறான், ஆயர் இல்லத்திலிருந்து அனுப்புகிறோம் என்கிறார்கள், நான்தான் இதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சந்தோஷமான இடமாகப் பாருங்கள். இதுவும் போன வருஷம் மாதிரி ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

உபதேசியார் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகங்க."

"சொல்லுங்க."

"சந்தோஷமான எடம்னா எப்பிடிங்க இருக்கும்?"

சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அறுபதை நெருங்குகிற மனிதர், வாசல்படியில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். போக வேறு இடமில்லை. கேட்க வேறு ஆளும் இல்லை.

"நானும் கூட வர்றேங்க. சேர்ந்து பாக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாலு நாள் சைக்கிள் மிதித்தேன். இரண்டு நிபந்தனை போட்டேன். கடப்பாரை வரக்கூடாது. எந்த இடத்தைப் பார்த்தாலும் அங்கே யார் எப்படிச் சாவார்கள் என்று சொல்லக்கூடாது. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். கடப்பாரையைச் சாக்கில் சுற்றி சைக்கிள் பாரில் கட்டியிருந்ததை அரூர் தாண்டிய பிறகுதான் பார்த்தேன்.

முதலில் தீர்த்தமலை. அங்கே டேரா போடுவதற்கில்லை, அது இந்துக்கள் சாமி இடம். ஆனால் சந்தோஷமான ஜனங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார் உபதேசியார். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குடும்பத்தோடு மலை இறங்கி வந்த ஒருவரை வழிமறித்தார்.

"அண்ணே, நீங்க இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?"

அவர் ஒரு அடி பின்வாங்கி, "நீங்க எந்த ஆபீஸ்ங்க?" என்றார்.

"ஆபீஸ் இல்லீங்க. தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்."

"தீர்த்தத்துல குளிச்சோம், சாமி பாத்தோம், எறங்கி வந்தோம். நீங்க கேக்கற வரைக்கும் சந்தோஷமாத்தாங்க இருந்தேன்."

உபதேசியார் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "கேட்டா போயிடுது போலங்க" என்றார்.

அடுத்து ஒரு மாந்தோப்பு. சொந்தக்காரர் தாராளமாக வந்து தங்கச் சொன்னார். நிழல், கிணறு, பம்ப்செட் எல்லாம் இருந்தது. எனக்கு அங்கேயே முடித்துக்கொள்ள ஆசை. உபதேசியார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றியில் வேர்த்தது.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கட்டுங்களா?"

"வேண்டாங்க. பேச்சுக் கொடுத்திருக்கீங்க."

"சரிங்க." கொஞ்ச நேரம் பொறுத்தார். "கெணத்தைப் பத்தி மட்டும்?"

"வேண்டாம்."

பாவமாக இருந்தது. சரி, சொல்லித் தொலையுங்கள் என்றேன். சொன்னார். கிணற்றில் தொடங்கி, மரத்துக்கு வந்து, பம்ப்செட் பெல்ட்டில் முடித்தார். அவர் முடிக்கும்போது பதினோரு குடும்பத்தில் ஒரே ஒரு கைக்குழந்தைதான் மிச்சம். தோப்புக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, தயவு செய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் சித்தேரி மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓடைக்கு மேலே கொஞ்சம் உயரமாக ஒரு வெளி. நடுவில் வட்ட வட்டமாகக் கற்கள். சில இடத்தில் ஆள் படுக்கிற அகலத்துக்குப் பலகைக் கல்லைத் தூக்கி நாலு கல்லின் மேல் நிறுத்தியிருந்தார்கள். காற்று சில்லென்று வந்தது. உபதேசியார் கடப்பாரையை எடுக்கவேயில்லை. மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார், துண்டை விரித்தார், படுத்தார். ஓர் அருள் நிறை மரியே சொல்லும் நேரம் ஆயிற்று, பத்து ஆயிற்று, எழவில்லை. எனக்குத் திக்கென்றது. கிட்டே போய்ப் பார்த்தால் குறட்டை. ராத்திரியில்கூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர் என்று பேர் எடுத்த மனிதர், பட்டப்பகலில் அரை மணி நேரம் அசந்து தூங்கினார்.

எழுந்ததும் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. பல்வலியோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"இதாங்க எடம்."

"இந்தக் கல்லெல்லாம் என்னங்க?"

"கல்லறைங்க வாத்தியாரே. நம்ம ஆளுங்களுது இல்ல. ரொம்ப ரொம்பப் பழசு. தண்ணி ஏறாது, காத்து நிக்காது, தலைமாட்டுல மலை. நமக்கு முன்னாடி எவனோ பாத்திருக்கான். என்னைவிடக் கெட்டிக்காரன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜில்லா முழுக்கச் சந்தோஷமான இடம் தேடி, கடைசியில் ஒரு இடுகாட்டில் வந்து நிற்கிறோம். உங்கள் வேலை போய்விடும், அறை போய்விடும், வேறு இடம் பார்க்கலாம் வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"சாமி சந்தோஷமான எடம் கேட்டாருங்க. எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதாங்க. நான் படுத்துப் பாத்துட்டேன்."

அப்போதே ஒரே பிடியாக மறுத்திருக்க வேண்டும். ஆனால் நாலு நாள் மிதித்த தொடை எனக்கு வேறு புத்தி சொன்னது. இது பார்ப்பதற்கு வெறும் கல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"கேக்கலைன்னா சொல்லலீங்க. கேட்டா பொய் சொல்ல வராதுங்க."

யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து, சரி என்றேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

கேம்ப் நாள் வந்தது. ஆறு மாட்டு வண்டி, பதினோரு குடும்பம். இடத்தைப் பார்த்ததும் பெண்களுக்கே பிடித்துப்போயிற்று. உபதேசியாரா பார்த்தார் என்று நம்பாமல் என்னைக் கேட்டார்கள். பிள்ளைகள் சாய்ந்து கிடந்த கல்லில் சறுக்கி விளையாடினார்கள். பெரியவர்கள் வட்டக் கல்லில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து கதை பேசினார்கள். சமையலுக்கு என்று யாரோ அளவெடுத்து வைத்தது மாதிரி கல் கிடைத்தது. ஒரு பலகைக் கல்லின் மேல் வாழை இலை போட்டுச் சோற்றை ஆற வைத்தார்கள். என் மனைவி சகாயம் இன்னொன்றைக் கழுவி அதிலேயே மிளகாய் நசுக்கினாள். எல்லாவற்றிலும் பெரிய கல்லைச் சாமியாரே தேடிப் பிடித்தார். "ஆண்டவரே நமக்காகப் போட்டு வைத்த பீடம்!" என்று அதன்மேல் துணி விரித்துப் பூசை வைத்தார். பூசை முடிந்ததும் உபதேசியார் தோளில் கை போட்டு, "அசத்திவிட்டீர்கள்" என்றார்.

உபதேசியார் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூட யாரையும் பயமுறுத்தவில்லை. ஒரு பெண் குழந்தை கல்லிலிருந்து குதித்தபோது மட்டும் வாயைத் திறந்தார். நான் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை, சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைமேலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். மூட்டையை இறக்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஏங்க, அது மேல சோறு வச்சிருக்கீங்களே, பரவால்லீங்களா?"

"ஏன் பெரியவரே, என்ன?" என்றார் சாமியார்.

"இது குள்ளர் வூடுங்க. அந்தக் காலத்து ஆளுங்க, செத்தவங்களை இதுக்குள்ளதான் வச்சாங்க. நாங்க இந்தப் பக்கம் ஆடுகூட ஓட்ட மாட்டோங்க."

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சேசுவே, மரியே, சூசையே என்று ஒரே கூச்சல். கல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் சுட்டதுபோல் எழுந்தார்கள். சோற்றுப் பானை உருண்டது. சகாயம் நேற்றைய மிளகாயை நினைத்து ஓடைப் பக்கம் ஓடினாள். சாமியார் தன் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உபதேசியாரே, உங்களுக்கு இது தெரியுமா?"

நான் முந்திக்கொண்டேன். "அவருக்குத் தெரியாது சாமி. நான்தான் இந்த இடத்தைக் காட்டினேன். கல் அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன்."

என் வாழ்க்கையில் கோயில் சாமியாரிடம் நேருக்கு நேர் சொன்ன ஒரே பொய் அது. நன்றாகத்தான் சொன்னேன். சாமியார் நம்பவும் நம்பினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரு என்னைக் காப்பாத்தப் பாக்கறாருங்க சாமி. நாந்தான் பாத்தேன். தெரிஞ்சுதாங்க பாத்தேன்."

உபதேசியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"செத்தவங்களுக்கு நல்ல எடமா பாக்கறதுதாங்க எனக்குத் தெரியும். உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டும் மட்டமான எடமாவா பாப்பேன்? நேத்து எல்லாரும் சந்தோஷமாத்தானுங்களே இருந்தீங்க?"

அது உண்மை. அவர் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராகப் பாத்திரம் கழுவப் போனார்கள். மத்தியானத்துக்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன. உபதேசியார் கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பொய் அகப்பட்ட வெட்கத்தில் எங்கள் வண்டியின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாமியார் கெட்டவர் இல்லை. கத்தியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். பூசை வைத்த கல் அவர் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. ஊரும் விடவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் புது ஆள் வருகிறான், அதற்குள் அறையைக் காலி செய்யுங்கள் என்று சொன்னபோது அவர் குரலே சரியாக வரவில்லையாம். உபதேசியார்தான், "வருத்தப்படாதீங்க சாமி, நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது ஆறுதல். அவர் சொன்னதால் சாமியார் மறுநாளே தருமபுரி போய் டாக்டரிடம் காட்டிக்கொண்டார்.

அவருக்கு வேலை போன அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சகாயம்தான் பேச்சை எடுத்தாள். செத்தவர்கள் கல்லில் மிளகாய் நசுக்க வைத்த மனிதர் மேல் அவளுக்கு இருந்த கோபம் தீரவில்லை. இருந்தும் கேட்டாள்.

"அவரு எங்க போவாரு?"

"தெரியலை."

"முன் ரூமு சும்மாதான இருக்குது. கூப்பிடுங்க. ஆனா எனக்கு எப்ப சாவுன்னு சொல்லக்கூடாது. சொல்லிடுங்க."

கூப்பிட்டேன். உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை. இடம் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலை வந்தார். சுவரைத் தட்டினார். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். அடுப்படியில் குனிந்து புகைக்கூண்டை எட்டிப் பார்த்தார். கிணற்றுச் சுவரைக் கையால் ஆட்டினார். வாசல்படியின் உயரத்தைச் சாணால் அளந்தார். முன் அறையில் துண்டை விரித்துப் படுத்தார். நானும் சகாயமும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி கதவோரம் நின்றோம்.

எழுந்து உட்கார்ந்தார்.

"தெக்குச் செவுரு ஒரு மழைக்குத் தாங்காதுங்க. உத்திரத்துல கரையான். அடுப்பு வாசலைப் பாத்து இருக்குது, ஆத்தாவுக்குச் சீலையில தீப்பிடிக்கும். படி உயரம், வாத்தியாரு ஒரு நாளு விழுந்து இடுப்பை ஒடைச்சிக்குவாரு. கெணத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க."

சகாயம் என்னை முறைத்தாள். நான் தரையைப் பார்த்தேன். இவ்வளவு சொன்ன மனிதர் போய்விடுவார், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் துண்டை உதறினார், மடித்தார், மறுபடி விரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்பிடிப்பட்ட வூட்டுல நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறது நல்லதில்லீங்க" என்றார். "நானும் கூட இருந்துக்கறேன்."

ஏழு வருஷம் இருந்தார். விழும் என்று அவர் சொன்ன சுவர் விழவில்லை, சகாயத்தின் சேலையில் ஒரு பொறிகூடப் படவில்லை. அவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போன பிறகு, பயமுறுத்த ஆளில்லாத அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப நாள் இருப்புக் கொள்ளவில்லை.